ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுபத்திரண்டு பிள்ளையார் சுழி

பிள்ளையார் சுழி போடாமல் நான் இதுவரை ஒரு காகிதத்தையும் தொட்டதில்லை. மளிகைச் சீட்டு, தெருவிளக்கு எரியவில்லை என்று கொடுத்த மனு, கல்யாணத்துக்கு முன்னால் லலிதாவுக்கு எழுதிய ஒரே ஒரு கடிதம், எல்லாவற்றின் தலையிலும் ஒரு ‘உ’ உட்கார்ந்திருக்கும். (ஒரு தடவை வங்கிப் பாரத்தில் கணக்கு எண் எழுதும் முதல் கட்டத்தில் போட்டுவிட்டேன். திருப்பிக் கொடுத்தார்கள். வேறு பாரம் வாங்கினேன். அதிலும் போட்டேன், கட்டத்துக்கு வெளியே.) இதைப் பக்தி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இடம் பார்க்காமல் செய்த பக்தியால் ஒரு பெண்ணின் இரண்டு வருஷத்து உழைப்பைக் குழிக்குள் தள்ளப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தாளின் தலையிலும் போட்டிருக்கிறேன். அச்சில் வருமோ வராதோ.

எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி., அதற்கப்புறம் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் டிராப்ட்ஸ்மேன். மலையாள மண்ணில், கரமனை என்ற இடத்தில் வீடு. விடிகாலைக் குளி, சந்தியாவந்தனம், கோவில், பிறகு ஒரு பில்டிங் காண்டிராக்டரிடம் வீட்டு பிளான் வரைகிற வேலை. ஊருக்கு வெளியே கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. சிப் டிசைன் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் படம் வரைய ஆள் தேடினார்கள். எஞ்சினீயர்கள் வருவார்கள், இரண்டு மாதம் இருப்பார்கள், பெங்களூருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். கடைசியில், கோடு நேராகப் போடத் தெரிந்தால் போதும், மற்றதை நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்து என்னை உள்ளே இழுத்தவர் பீனா மேடம். கோட்டயத்துக்காரர், என்னைவிட மூன்று வயது சின்னவர், எம்.டெக். நான் ‘மேடம்’ என்பேன், அவர் ‘மணிச்சேட்டா’, அதாவது மணி அண்ணா, என்பார்.

வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. சிப் படமும் வீட்டு பிளான் மாதிரிதான். சுவருக்குப் பதில் உலோகக் கம்பி. இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவில் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று முனிசிபாலிட்டி போல ஒரு சட்டப் புத்தகம். அளவுதான் வேறு. அங்கே அடி, அங்குலம். இங்கே ஒரு தலைமுடியை இருநூறாகக் கிழித்தால் வருகிற கனம்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு விசேஷமான நினைவகம். சாதாரண நினைவகத்தில் கதவு எண்ணைச் சொன்னால் உள்ளே இருப்பதைக் காட்டும். இதில் உள்ளே இருப்பதைச் சொன்னால் கதவு எண்ணைச் சொல்லும். மேடம் இதை விளக்கியபோது எனக்கு எங்கள் தெருதான் கண்ணில் வந்தது. தெரு முனையில் நின்று, ‘நீலக் குடை வச்சிண்டிருக்கற பட்டாபிராமன் யாராத்துல?’ என்று ஒருவர் கத்துகிறார். ஆயிரத்து இருபத்துநாலு வீட்டிலும் ஒரே நொடியில் கதவைத் திறந்து, நம்மாத்தில் இல்லை என்று படாரென்று சாத்துகிறார்கள். ஒரே ஒரு கதவு மட்டும் திறந்தபடி நிற்கிறது. அதுதான் பதில். தேடல் மின்னல் வேகம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆயிரத்துச் சொச்சம் கதவு திறந்து சாத்துவதில் கரண்டெல்லாம் போய்விடும், சிப் தோசைக்கல்லாகச் சுடும்.

மேடம் இரண்டு வருஷம் உட்கார்ந்து கண்டுபிடித்த யோசனை, கேள்வியை இரண்டாக உடைப்பது. முதலில் ‘பட்டாபிராமன் யாராத்துல?’ என்பது மட்டும், அதற்கு ஜன்னல் வழியாகப் பதில் சொன்னால் போதும். நாலு வீடு தேறும். குடையின் நிறத்தை அந்த நாலு வீட்டில் கேட்டால் போதும், மற்றவர்கள் பெரிய கதவைத் தொடவே வேண்டாம். கதவு என்று நான் சொல்வது ஒரு கம்பி. ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று ஓடும், மேட்ச் லைன் என்று பெயர். ‘இந்தக் கம்பி எவ்வளவு லேசா இருக்கோ அவ்வளவு கரண்டு லாபம். இதுல ஒரு தூசி கூட ஏறக்கூடாது’ என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன்.

சிப்பைக் கேட்ட வெளிநாட்டுக் கம்பெனி போட்ட நிபந்தனை முந்நூறு மில்லிவாட். அதற்கு மேல் ஒரு மில்லி கூடாது. மேடத்தின் கணக்கில் இருநூற்றெழுபது வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். முந்நூறுக்குக் கீழே வரவில்லையென்றால் எங்கள் பெங்களூர்க் கிளை ஆட்களின் பழைய சர்க்யூட்டைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். மேடத்தின் சர்க்யூட் அலமாரிக்குப் போகும், மேடம் டெஸ்டிங் பிரிவுக்குப் போவார். இதை எங்கள் பெரியவர் வர்கீஸ் சார் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் அன்றைக்கு யாராவது அழுவார்கள்.

இனி என் கைங்கரியத்துக்கு வருகிறேன்.

இந்த நினைவகத்தில் ஒரே மாதிரி அறைகள், செல் என்பார்கள். நான் வரைய வேண்டியது ஒரே ஒரு செல். அதைக் கம்ப்யூட்டர் ஒரு வரிசைக்கு நூற்றிருபத்தெட்டாக, ஆயிரத்து இருபத்துநாலு வரிசையாக அடுக்கிக்கொள்ளும். அந்த அடுக்குக்கு அர்ரே என்று பெயர். (காண்டிராக்டரிடம் இப்படி ஒரு மந்திரம் இருந்திருந்தால் நான் பாதி நாள் வீட்டிலேயே இருந்திருப்பேன்.) அந்த ஒரு செல்லை ஆரம்பிக்க நாள் பார்த்தேன். சதுர்த்தியாக அமைந்தது. குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, பஸ்ஸில் யார் மேலும் படாமல் ஒதுங்கி நின்று போய்ச் சேர்ந்து, திரையில் புதுத் தாள் திறந்ததும் மேல் மூலையில் காலியாக இருந்த இடத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். உலோகத்தில்.

சுலபமாக இல்லை. இங்கே வளைவு கூடாது என்று சட்டம். படிப்படியாக, கோவில் குளத்துப் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கட்டமாக வைத்து ‘உ’ வரைந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கம்ப்யூட்டர் சோதித்துவிட்டு, இந்த உலோகத் துண்டு எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது என்று மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது. பிள்ளையாரை அந்தரத்தில் நிறுத்தலாமா? ‘உ’வின் வாலை வலது பக்கம் கொஞ்சம் நீட்டி, பக்கத்தில் போன கம்பியில் சேர்த்துவிட்டேன். மஞ்சள் மறைந்தது. சுவாமி ஏற்றுக்கொண்டார் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

பக்கத்தில் போன கம்பி மேட்ச் லைன்.

படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரிய அந்த வாரம் முழுக்க ஆயிற்று.

படம் முடிந்தால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு கம்பியின் நீள அகலத்தையும் படத்திலிருந்தே அளந்து, நிஜத்தில் எவ்வளவு கரண்டு இழுக்கும் என்று சொல்லும். மூன்று மணி நேரம் ஓடும். திங்கட்கிழமை மத்தியானம் எண் வந்தது. முந்நூற்று முப்பத்தெட்டு.

மேடம் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். என் செல்லைப் பெரிதாக்கி ஓட்டிப் பார்த்தார். நான் பின்னால் நின்றேன். அந்த மூலையைக் கடந்துதான் போனார். கம்பி எதற்காகவோ வளைந்து போகிறது என்று எண்ணியிருப்பார், எங்கள் படங்களில் அப்படி ஆயிரம் வளைவு உண்டு. ‘மணிச்சேட்டன் வரைஞ்சது கோலம் மாதிரி சுத்தமா இருக்கு. தப்பு என் கணக்குலதான்’ என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை இன்று எழுதும்போது கை கூசுகிறது. அன்று பெருமையாகத்தான் இருந்தது.

கம்பிகளுக்கு நடுவில் இன்னும் கொஞ்சம் இடம் விட்டால் சுமை குறையும், செல்லைப் புதிதாக வரையுங்கள் என்றார். செவ்வாய்க்கிழமை வரைந்தேன். புதிதாக ஆரம்பித்தால் சுழியும் புதிது. தவிர, விஷயம் கஷ்டத்தில் இருக்கிறது, இடமும் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று இந்தத் தடவை சற்றுப் பெரிதாகவே போட்டேன். புதன்கிழமை காலை எண் வந்தது. முந்நூற்று நாற்பத்தாறு.

இடம் விட்டால் குறைய வேண்டியது ஏறியிருக்கிறது. மேடத்தின் முகத்தில் அதுவரை இருந்தது கவலை. அதற்குப் பின் வந்தது வேறு ஏதோ. தனக்குத் தெரிந்த கணக்கே தெரியாமல் போய்விட்டதோ என்று பயப்படுகிற முகம். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து இரண்டு வருஷத்துக்கு முந்திய பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கத் தொடங்கினார். நான் கொண்டுபோய் வைத்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

அன்று வீட்டில் எனக்கும் சாதம் இறங்கவில்லை. அப்போது கல்யாணமாகி எட்டு மாதம்.

“ஏன்னா, ரெண்டு நாளா தட்டுல அப்படியே வச்சுட்டு எழுந்துக்கறேள். ஆபீஸ்ல வல்லதும் தப்பு பண்ணிட்டேளா?” என்றாள் லலிதா. (‘வல்லதும்’ என்றால் எங்கள் ஊர்த் தமிழில் ஏதாவது.)

“நான் என்ன தப்பு பண்ணப் போறேன்? அந்தப் பொண்ணு கணக்குல எங்கேயோ கோட்டை விட்டுடுத்து. பாவமா இருக்கு.”

“பாவம்னு சொல்லிண்டு இருந்தா ஆச்சா? போறச்சே கிழக்கேகோட்டைல இறங்கி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைச்சுட்டுப் போங்கோ. அவர் பாத்துப்பார்.”

வியாழக்கிழமை காலை உடைத்தேன். ஒன்று போதாது என்று பதினொன்று. ஒவ்வொன்றையும் ஓங்கி எறிந்து, சுவாமி, மேடத்தின் சர்க்யூட்டில் இருக்கிற விக்னம் எதுவானாலும் அதை எங்கள் கண்ணில் காட்டு என்று வேண்டிக்கொண்டேன். ஏழாவது தேங்காய் உடையாமல் உருண்டு வந்து என் காலடியிலேயே நின்றது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எடுத்து மறுபடி எறிந்தேன்.

ஆபீஸுக்குப் போனதும் மேடம், இது கடைசி முயற்சி, செல்லின் அகலத்தைக் கூட்டிக் கம்பிகளை இன்னும் விலக்கி வரைந்து பார்க்கலாம் என்றார். வரைந்தேன். அகலம் கூடியதால் மூலையில் தாராளமாக இடம். இந்தத் தடவை ‘உ’வுக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தேன். (எங்கள் வீட்டில் முக்கியமான காகிதங்களுக்கு அப்படித்தான் வழக்கம்.) மத்தியானம் ஓடவிட்டு, சாயங்காலம் நாலரைக்கு எண் வந்தது.

முந்நூற்று அறுபத்துமூன்று.

 மேடம் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, கணக்கில் நேர்ந்த பிழைக்கு நானே முழுப் பொறுப்பு என்று எழுத ஆரம்பித்தார். முதல் வரியைப் பார்த்துவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது முழுக்க அவருக்காக ஜபம் செய்துகொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வர்கீஸ் சார் எங்களைக் கூப்பிட்டார். ஒரே ஒரு செல்லை மட்டும் பெரிய பிரிண்டரில், ஒரு ஜமக்காளம் அளவுக்குக் கலரில் எடுத்து மீட்டிங் அறை மேஜையில் விரித்திருந்தார். என் கையில் ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுத்தார். மேட்ச் லைனை இடது ஓரத்திலிருந்து தொட்டுக்கொண்டே போ, வழியில் அதைத் தொடுகிற ஒவ்வொன்றையும் இது இன்னது, இதற்காக என்று சொல் என்றார். மேடம் என் பக்கத்தில் நின்றார். கையில் அந்தத் தாள், நாலாக மடித்தது.

நான் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். முதலில் டிரான்சிஸ்டரின் கால். சார் தலையசைத்தார். அடுத்தது கீழே இறங்கும் இணைப்பு. தலையசைத்தார். அடுத்தது இரண்டாவது டிரான்சிஸ்டர். பென்சில் வலது பக்கம் நகர்ந்தது. அப்போதுதான் அந்த மூலை எனக்கு நேரே வந்தது.

திரையில் நான் அதைத் தும்பைப்பூ அளவுக்குத்தான் பார்த்திருந்தேன். காகிதத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. நீல நிறம். படிப்படியாக ஏறி இறங்குகிற சுழி, கீழே கனமான ஒரு கோடு, வலது பக்கம் நீண்டு வருகிற வால். அந்த வால் நேராக வந்து என் பென்சில் நிற்கிற கம்பியில் சேர்ந்திருந்தது.

இதுல ஒரு தூசி கூட ஏறக்கூடாது என்று மேடம் சொன்னது அந்த நொடியில் காதில் கேட்டது. ஒவ்வொரு கதவிலும் ஓர் அம்மிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். திங்கட்கிழமை சின்ன அம்மி. செவ்வாய்க்கிழமை பெரிய அம்மி. நேற்று அம்மியோடு குழவியும்.

பென்சில் நின்றுவிட்டது. அந்த ஏ.சி.யிலும் உள்ளங்கை வேர்த்துப் பென்சில் வழுக்கியது. 

“இது எந்தா, மணீ?” என்றார் சார்.

 அந்த நாலைந்து விநாடியில் என் மனம் போன போக்கைச் சொன்னால் என்னைப் பக்திமான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இணைப்புக்குப் பலமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் உலோகம் கூட்டினேன், எடுத்துவிடுகிறேன் என்று சொல்லலாம். தப்பு சின்னதாகத் தெரியும். அல்லது தெரியவில்லை, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, போய்ச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, எண் குறைந்ததும் கணபதியின் கருணை என்று சொல்லலாம். இந்த இரண்டாவது யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. வாயைத் திறந்தும்விட்டேன்.

அதற்குள் மேடம் முந்திக்கொண்டார். “சார், அவரைக் கேட்க வேண்டாம். டிராயிங்கில் ஒன்றுமில்லை. என் கணக்குதான் தப்பு. எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்” என்று மலையாளத்தில் சொல்லி, மடித்த தாளை மேஜையில் வைத்தார். 

“அது விக்னேஸ்வரன், சார்” என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். “ஆரு?”

“கணபதி, சார். ஆரம்பிக்கறச்சே போடறது.”

“அது எந்து செய்யும்?”

அந்த வாரம் முழுக்க யோசித்திருந்தாலும் அந்தக் கேள்விக்கு எனக்கு வேறு பதில் வந்திருக்காது. “விக்னம் வராம பாத்துப்பார், சார்” என்றேன்.

சார் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மொத்தம் எத்தனை என்று கேட்டார். ஒன்றுதான் சார் என்றேன். செல்லில் ஒன்று, அர்ரேயில் எத்தனை என்று கேட்டார். நான் விரலை மடக்க ஆரம்பித்தேன். மேடம் கணக்குப் போடாமலேயே, குரலில் ஓர் அசைவும் இல்லாமல், “ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுபத்திரண்டு” என்றார்.

மூன்று தடவையும் போட்டாயா என்றார் சார். ஆமாம், இரண்டாவது தடவை கொஞ்சம் பெரிதாக, மூன்றாவது தடவை கீழே கோட்டோடு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல மேடம் என் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அப்போ என் கணக்கு சரியா, மணிச்சேட்டா?”

“சரி மேடம். உங்க கணக்கு சரி. நான்தான் தப்பு.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மடித்த தாளை எடுத்து இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்தார். பிறகு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் அழவும் செய்தார்.

ஆனால் நேரம் பத்தே முக்கால். அழித்துவிட்டு மறுபடி மூன்று மணி நேரம் ஓடவிட வேண்டும். சார் எங்களை மேடத்தின் கம்ப்யூட்டருக்கு நடத்திப் போனார். மேடம் சுழியைத் தேர்ந்தெடுத்தார், அழிக்கிற பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோனார், நின்றார். “எனிக்கு இனி கல்யாணம் கழிக்கணும், சார்” என்று, கல்யாணத்துக்குத் தடை வந்துவிடுமோ என்ற பயத்தில் கையை எடுத்துக்கொண்டார். சார் அலுத்துக்கொண்டு தானே குனிந்தார். அவர் கையும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. (அவர் அப்போது பட்டம் என்ற இடத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கான்கிரீட் போடுகிற சமயம்.) நிமிர்ந்து என்னைப் பார்த்து, வைத்தவனே எடுக்கட்டும் என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், அடியேன் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக, சாரிடம் எதிர்த்து ஒன்று கேட்டேன். ஒன்றே ஒன்றாவது இருக்கட்டுமே சார், சுத்தமாக எடுத்துவிட்டால் மனசு கேட்காது என்றேன். சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒண்ணு மதி. அர்ரேக்குப் புறத்து. கிரவுண்டில் கட்டி வை” என்றார். ஒன்று போதும் என்று அனுமதி கிடைத்ததும், அர்ரேக்கு வெளியே, படத்தின் தலை மூலையில், எவ்வளவு உலோகம் சேர்ந்தாலும் கரண்டு கூடாத தரைக் கம்பியில் வாலைச் சேர்த்து ஒரு பிள்ளையாரை வைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மற்றவர்களை அழித்தேன்.

பதினொன்று பத்துக்கு ஓடவிட்டோம். மேடம் சாப்பிடப் போகவில்லை. நானும் போகவில்லை. திரையில் ஒரு பட்டை மெதுவாக நிரம்பிக்கொண்டு வந்தது. எண்பத்துநாலு சதவீதத்தில் கால் மணி நேரம் அசையாமல் நின்றது. எனக்கு வேண்டிக்கொள்ளக்கூட பயமாக இருந்தது. இந்த வாரம் நான் வேண்டிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் எண் ஏறித்தான் இருக்கிறது. அதனால் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றும் வேண்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுபோலக் கஷ்டம் வேறில்லை.

இரண்டு இருபதுக்கு எண் வந்தது. இருநூற்று எண்பத்தொன்று.

மேடம் அந்த எண்ணைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தார். மூன்று ஐம்பதுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. படம் அனுப்பும் முன்னால் பார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். அதன் அடியில் தன் கையால் ஒரு வரி எழுதினார்: செல்லுக்குள் தெய்வங்கள் உண்டா? அதற்கு எதிரே ஒவ்வொரு படத்துக்கும் கையெழுத்துப் போடுகிற வேலை எனக்கு. நான் அந்தக் கம்பெனியில் இருந்த ஒன்பது வருஷமும் போட்டேன். இடையில் வந்த வடக்கத்திப் பையன்கள் இதை ஏதோ டெக்னிக்கல் வார்த்தை என்று நினைத்து எழுதிக்கொண்டுபோனதும் உண்டு.

அன்று வீட்டுக்கு வந்து லலிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 

“ஜனங்க ஸ்ரீராமஜெயம் லட்சம் எழுத வருஷக்கணக்கா கஷ்டப்படறா. நீங்க ஒரு பட்டனை அமுக்கிட்டு வந்துட்டேளாக்கும்” என்றாள். அப்புறம் அவளால் உட்கார முடியவில்லை. சிரித்துச் சிரித்து சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதெல்லாம் நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவள் இதைச் சொல்லாமல் பந்தி எழுந்ததில்லை. அவள் கதையில் இப்போது எண்ணிக்கை ஒரு கோடிக்கு வந்திருக்கிறது. நான் திருத்துவதில்லை. கரண்டு பில் கூடுதலாக வந்தால் என் பெண் அதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, ‘இந்த மாசம் சுழியை எங்க போட்டேள், அப்பா?’ என்பாள். பீனா மேடத்துக்குக் கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய சர்க்யூட் அந்தச் சிப்பில் எங்கெங்கோ பெட்டிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னை இன்னும் மணிச்சேட்டா என்றுதான் எழுதுவார்.

ஒரு விஷயத்தை மட்டும் லலிதாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இந்த மாதிரி நினைவகத்தில் செல்களை எல்லாம் ஒரே பக்கமாக அடுக்கமாட்டார்கள். இடம் மிச்சமாகட்டும் என்று ஒரு வரிசையை நேராகவும் அடுத்த வரிசையைத் தலைகீழாகவும் வைப்பார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரே தரைக் கம்பி போதும். அது எனக்கு நன்றாகத் தெரியும், கம்ப்யூட்டரை அப்படி அடுக்கச் சொன்னதே நான்தான். ஆகவே அந்த ஒரு லட்சத்துச் சொச்சத்தில் சரிபாதி, அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு பிள்ளையார்கள், அந்த வாரம் முழுக்கத் தலைகீழாக நின்றார்கள். ஏ.சி.யில் எனக்கு வேர்த்ததற்கு வேலை போகும் என்ற பயம் பாதிக் காரணம். மீதிப் பாதி இது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாளிலிருந்து தினமும் காலைப் பூஜை முடிந்ததும் பன்னிரண்டு தோப்புக்கரணம் போடுகிறேன், தலைகீழாக நின்ற ஒருவருக்கு ஒன்று வீதம். சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பது லலிதாவின் எண்ணம். காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்கும்போது குழந்தைகள் வாசலில் நின்று எண்ணிக் கேலி செய்வார்கள். அறுபத்தையாயிரத்துச் சொச்சத்தையும் தினம் பன்னிரண்டு வீதம் தீர்க்கப் பதினைந்து வருஷம் வரும். இன்னும் நாலு வருஷம் பாக்கி. முழங்கால் இப்போதே முனக ஆரம்பித்துவிட்டது.

மூன்று தடவை வரைந்ததால் மூன்றால் பெருக்க வேண்டுமோ என்று ஒரு சந்தேகம் உண்டு. கோவிலில் சாஸ்திரிகளைக் கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை சன்னதி வரை போனேன். கேட்பதற்கு முன்னால் மேட்ச் லைன் என்றால் என்ன என்று அவருக்கு விளங்கச் சொல்ல வேண்டும். திரும்பி வந்துவிட்டேன்.